சோதனைக்கு வராத பாடம்

சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில், கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான யுனிக்ஸ் பற்றி ஒரு பொது விரிவுரை என்று கேள்விப்பட்டு வேலை முடிந்த கையோடு போனேன். "இருவது வருசமா அதோடதானே கிடக்கிறியள், இனி என்னத்தைக் கேக்கப் போறியள்?" என்றா மனிசி. நியாயமான கேள்விதான்.

முதல் அரைமணி தெரிந்த கதை. 1969இல், நியூ ஜேர்சியின் மறே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுகூடத்தில், கென் தொம்சன் பழைய பிடிபி-7 கணினி ஒன்றில் முதல் வடிவத்தை எழுதினார். மனைவி பிள்ளையோடு வெளியூர் போயிருந்த மூன்று கிழமைக்குள் அது நடந்ததாம். (எங்கள் வீட்டில் அப்படியொரு மூன்று கிழமை கிடைத்தால் பருப்பும் முட்டைப் பொரியலும்தான் உருவாகும்.) 1973இல் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய சி என்ற கணினி மொழியில் அது திரும்ப எழுதப்பட்டது, பிறகு ஒரே இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கத் தேவையிருக்கவில்லை.

ஜோன் லயன்ஸ் என்ற பெயர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதே பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். 1970களின் நடுப்பகுதியில் யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கருநிரலை, அதாவது அதன் மையப் பகுதியின் ஏறக்குறைய ஒன்பதாயிரம் வரிகளை, இலக்கமிட்டு ஒரு புத்தகமாகவும் அதற்கான உரையை இன்னொன்றாகவும் தன் மாணவருக்காக அச்சிட்டார். நன்னூலுக்கு விருத்தியுரை போல. அடுத்த பதிப்பின் உரிமம் மூலநிரலை வகுப்பில் படிப்பிக்கத் தடை போட்டது. புத்தகமோ போட்டோப்பிரதியின் போட்டோப்பிரதியாக நாடு நாடாகச் சுற்றியது. முறைப்படி வெளிவந்தது 1996இல்.

அந்த நிரலில் ஒரு வேலையை நிறுத்தி இன்னொன்றைத் தொடரும் இடத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: "இது உங்களுக்கு விளங்க வேண்டுமென்று எதிர்பார்க்கவில்லை." பலர் அதை அகங்காரம் என்று எடுத்துக்கொண்டார்கள். "இது சோதனைக்கு வராது" என்ற கருத்தில்தான் எழுதியது என்று ரிச்சி பின்னர் விளக்கினார். உண்மையில் தங்களுக்கும் அது சரியாக விளங்கியிருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். மண்டபம் சிரித்தது. எனக்குச் சேரின் குரல் கேட்டது.

1990களின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. கணினியை எங்களில் ஒருவனும் கண்ணால் கண்டதில்லை. தூய கணித பாடத்துக்கு நடுவில் சேர் திடீரென்று கரும்பலகையில் 0, 1 மட்டும் வைத்து எண்களை எழுதுவார். கூட்டுவார், பெருக்குவார். "இது சோதனைக்கு வராது. எண்டாலும் கேளுங்கோ." முன்வாங்குக்காரர் பேனையை மூடுவார்கள். நானும்தான்.

அன்றைய குறிப்புகளை ஜாம் போத்தல் விளக்கில் இரவிரவாகப் பார்த்தெழுதி, விடியக் கொப்பியைத் திருப்பிக் கொடுப்போம். ஒருத்தன் விட்ட பிழை பத்துக் கொப்பியிலும் இருக்கும். லயன்ஸின் புத்தகத்தைப் பிரதி எடுத்தவர்களுக்கு அந்தத் தொல்லையாவது இருந்திருக்காது.

விரிவுரை முடிந்து ரெயினுக்கு நிற்கையில் ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் வகுப்பு நண்பனுக்கு அழைத்தேன். "மச்சான், சேரின்ர அந்தப் பாடத்தை ஆரும் எழுதினவங்களோ?"

"நான் எழுதினனான். நில், தேடிப் பாக்கிறன்."

இரவு பதினொரு மணிக்குப் படம் வந்தது. மஞ்சளடித்த தாள், கோணலான 0, 1 வரிசைகள். ஓரத்தில், சிவப்புப் பேனையில், அவன் கையெழுத்து: "சோ.வ."

அதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தான்.