சாட்ஸ்வொர்த்தை ஆராய வருபவர்கள் மனையிலிருந்து தொடங்குங்கள்

டர்பனில் நகரத் திட்டமிடல் ஆய்வுக்கு வரும் நம் பிள்ளைகள் பலர், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் குடியிருப்புகளில் ஒன்றை எடுக்கிறார்கள். நல்ல தேர்வு. ஆனால் முதல் மாதமே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளுக்குள் இறங்கிவிடுகிறார்கள். வேலை அங்கேதான் கெடுகிறது. 1996, 2001, 2011 கணக்கெடுப்புகளின் சிறு எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. 2022-இல் விடுபட்டவர்களே சுமார் 31 சதவீதம் என்று புள்ளிவிவரத் துறையே மதிப்பிட்டது. ஈடுசெய்த எண்கள் நாட்டளவில் உதவும், ஒரு தெருவுக்கு இறக்கினால் நிற்காது.

மனைக்கு, அதாவது தனி எண் கொண்ட நிலத்துண்டுக்கு, அந்தச் சிக்கல் குறைவு. உட்பிரிவு செய்தாலும் பதிவில் தடம் இருக்கும். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் 1950-இல் வந்தது. டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றப்பட்டார்கள். சட்டம் 1991-இல் நீங்கியது. அந்தக் குடியேற்றத்தில் தொடங்கி இன்றுவரை நடந்ததை ஒரே மனை எண்ணில் கோத்துப் பார்க்கலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில் நில அளவை வரைபடம் கிடைக்கும், அதே ஊர்ப் பத்திரப் பதிவகத்தில் கைமாறிய விவரம் கிடைக்கும். வரி மதிப்பீட்டுப் பட்டியல் மாநகராட்சியில் இருக்கிறது.

அடுத்தது வான்படம். கேப் டவுன் மௌப்ரேயில் உள்ள தேசிய நில வரைபட அலுவலகத்தில் 1930கள் தொட்டு படங்கள் உண்டு. அவற்றை ஜி.ஐ.எஸ் எனும் கணினி வரைபட மென்பொருளில் பொருத்தும்போது கூரை முனைகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளியாக, அதாவது படத்தை நிலத்தோடு இணைக்கும் புள்ளியாக, வைக்காதீர்கள். சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர், உயரமான இடம் படத்தில் விலகித் தெரியும். சாலைச் சந்திப்பு, பாலத்தின் அடி போன்ற தரைமட்டப் புள்ளிகள் குறைந்தது பத்து வேண்டும், ஓரங்களிலும் பரவியிருக்க வேண்டும். பழைய வரைபடங்கள் கேப் டேட்டம் என்ற அளவை அடிப்படையில் இருக்கும், 1999 முதல் அடிப்படை ஹார்டபீஸ்டுக் 94. மாற்றாமல் அடுக்கினால் மனைகள் சில நூறு மீட்டர் தள்ளி விழும். 31 பாகை தீர்க்கரேகையை மையமாகக் கொண்ட லோ 31 ஆயத்தொலை முறையில் ஒய் மேற்கு நோக்கியும் எக்ஸ் தெற்கு நோக்கியும் கூடும் என்பதை மறந்தால் ஊரே தலைகீழாகிவிடும்.

வான்படமும் எல்லாம் சொல்லாது. பின்வளவில் கட்டிய அவுட்பில்டிங் (துணை வீடு) முன்வீட்டோடு ஒட்டியிருந்தால் கூரை ஒன்றாகவே தெரியும். கார் நிறுத்தக் கொட்டகை அறைபோலத் தெரியும். தெருவில் நடந்து தனி வாசல், தனித் துணிக்கொடி, இரண்டாவது டிஷ் ஆண்டெனா ஆகியவற்றைப் பாருங்கள். இவை குறிப்புகள்தான், கேட்டு உறுதிசெய்த பிறகே எண்ணுங்கள்.

இப்படி ஒரு தரவுத்தளம் கட்ட இரண்டு ஆண்டு போகும். போகட்டும். முதுகலை, முனைவர், அதன் பின் வரும் கட்டுரைகள் எல்லாம் அதிலிருந்தே வளரும். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு புது ஊர் என்று ஓடுபவர்கள் அடித்தளத்தையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையான என்.ஆர்.எஃப் இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் ஒய் மதிப்பீட்டுக்கு முனைவர் பட்டம் பெற்ற ஐந்து ஆண்டுக்குள், நாற்பது வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே ஊரில் தொடர்ந்து செய்த வேலை அங்கே தெளிவாகத் தெரியும். திட்டமிடுநராகவும் பணிபுரிய நினைத்தால் திட்டமிடுநர் மன்றமான சாக்பிளானில் பதிவையும் கூடவே தொடங்கிவிடுங்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்த பிறகே கதவைத் தட்டுங்கள். அனுமதி இல்லாத அவுட்பில்டிங்கின் வாடகைதான் சில வீடுகளில் ஓய்வூதியத்துக்கு மேல் வரும் ஒரே வருமானம். கட்டுரையில் மனை எண்ணை அச்சிட்டால் மாநகராட்சி நோட்டீஸ் அவர்கள் வாசலுக்கே வரும். வரைபடத்தைப் பத்து, பதினைந்து வீடுகள் சேர்ந்த தொகுதியாக்கி வெளியிடுங்கள். மனை எண் உள்ள கோப்பைக் கடவுச்சொல் போட்டுத் தனியே வையுங்கள்.