ஒன்றேகால் நாழிகை

ஜூன் 3

காலையில் அம்மா "ஆயாசமாக இருக்கிறது" என்றாள். குறிப்பெடுக்க வந்த செவிலிப் பெண் புரியாமல் என்னைப் பார்க்க, நான் "களைப்பு" என்றேன். அவளும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டாள். அது முதல் மனம் உறுத்துகிறது. களைப்பு என்றால் படுத்து எழுந்ததும் தீர்ந்துவிட வேண்டும். வடமொழியில் ஆயாசம் என்பதற்கு முயற்சி என்றும் பொருள் உண்டு; முயன்று முயன்று உடம்பு ஓய்ந்துபோன நிலையை, முயற்சியையும் சோர்வையும் தனித்தனியே பிரிக்காமல் அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. தலையணையில் சாய்ந்து உட்காருவதே அவளுக்கு இப்போது அப்படிப்பட்ட முயற்சிதான். நான் தவறாகச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 4

தூக்கம் இல்லை.

ஜூன் 6

மருத்துவர் அரைமணி நேரத்தில் வருவார் என்றார்கள். அம்மா கண்ணைத் திறக்காமலேயே "ஒன்றேகால் நாழிகை" என்றாள். நாழிகைக்கு 24 நிமிடம். கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாக 30 வருகிறது. ஏழரை நாழிகை ஒரு சாமம், எட்டுச் சாமம் ஒரு நாள் என்று சிறு வயதில் அவள் சொல்லிக்கொடுத்ததை வாய்ப்பாடு போல ஒப்பித்தேனே தவிர, அவளுக்குள் அந்தக் கணக்கு இத்தனை ஆண்டுகளும் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. "நாழியாகிவிட்டது" என்று நானும்தான் தினமும் சொல்கிறேன். அதில் தாமதம் இருக்கிறது, நாழிகை இல்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்பதை இரண்டு சாமத்துக்கு ஒன்று என்று அவளிடம் மாற்றிச் சொன்னேன். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

ஜூன் 7

மருந்துச் சீட்டை எட்டப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது. எனக்கும் வெள்ளெழுத்து வந்துவிட்டது.

ஜூன் 10

"விசனப்படாதே" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைத் திறந்தேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் அனுபந்தமாகவும் வந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைச் சேர்த்துவைத்திருக்கும் அந்த நூலின் மேல் எனக்கு என்றும் பக்தி உண்டு. ஆனால் நான் தேடியது பொருளை அல்ல. அம்மா எந்தெந்தச் சமயத்தில் அந்தச் சொல்லை எடுப்பாள் என்பதை நினைவுபடுத்திக்கொள்ள ஒரு துணை தேவைப்பட்டது. என் தேர்வு முடிவு வரும் முன் அவள் சொன்னது "கவலைப்படாதே". அப்பா போன பிறகு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது "விசனப்படாதே". நடக்குமோ என்று அஞ்சுவதற்குக் கவலை, நடந்துவிட்டதற்கு விசனம். இந்த வேறுபாட்டில் அவள் ஒருநாளும் பிசகியதில்லை. பரிசோதனை முடிவை நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 11

ஒருவேளை நாக்குப் பிசகி வந்திருக்கலாம்.

ஜூன் 13

இல்லை, அவள் பிசகமாட்டாள்.

செவிலிப் பெண் இன்று தானாகவே "ஆயாசமா, அம்மா?" என்று கேட்டாள். எப்போது கற்றுக்கொண்டாளோ. அம்மா தலையை அசைத்தாள். அந்தப் பெண் தாளில் என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்த்தேன். ஆயாசம் என்றே எழுதியிருந்தாள்.

ஜூன் 14

மசங்கும் வேளை. மருத்துவர் வர இன்னும் அரைமணி ஆகும் என்றார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.