அப்பாவின் கால் வலி: ரத்த ஓட்ட அடைப்பு என்று தெரிந்தது எப்படி?

கொஞ்சம் நடந்தால் போதும், அப்பாவுக்கு இடது ஆடுசதை பிடித்து இழுக்கும். நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். அவருக்கு நெடுநாள் சர்க்கரை, பீடிப் பழக்கம் அதைவிடப் பழையது. வயசாச்சு, வாதம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு கிளினிக்கில் முதுகு நரம்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். நின்றதும் விடுகிறது என்று அப்பா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. பெருவிரலில் செருப்பு உரசிய புண் ஆறாமல் கறுக்க ஆரம்பித்த பிறகுதான் ரத்தநாள அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தோம்.

அவர் பாதத்தின் மேல்பக்கமும், உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும் விரல் வைத்து நாடி பார்த்தார். வலது காலில் லேசாகக் கிடைத்தது, இடது காலில் இல்லை. அப்புறம் கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பட்டை கட்டி, ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடிக்கும் டாப்ளர் கருவி வைத்து அளந்தார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு. அப்பாவுக்கு 1.4-ஐத் தாண்டியது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. மருத்துவர் முகம் மாறவில்லை. நெடுநாள் சர்க்கரையில் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து விறைத்துவிடும், பட்டை இறுக்கினாலும் குழாய் அமுங்காது, அதனால் எண் பொய்யாகக் கூடும் என்றார். கால்விரலின் சின்னக் குழாய்களில் இந்தப் படிவு குறைவாம். பெருவிரலில் குட்டிப் பட்டை போட்டு அளந்து, அதையும் கை அழுத்தத்தால் வகுத்தபோது 0.3 வந்தது. 0.7-க்குக் கீழே போனாலே கோளாறு.

வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால், 'கணுக்கால் எண் நன்றாக இருக்கிறது' என்பதோடு திரும்பாதீர்கள். கால்விரல் அழுத்தமும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

டாப்ளர் ஸ்கேனில் தொடையின் கீழ்ப்பகுதியில் அடைப்பு தெரிந்தது. ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை முதலில் பார்த்தார்கள். வெறும் நடைவலி மட்டும் என்றால் புகையை விட்டு, மாத்திரையோடு நடைப்பயிற்சிதான் முதல் வைத்தியமாம்: வலி வரும்வரை நடந்து, நின்று, விட்டதும் மறுபடி நடப்பது. வாரம் 3 நாளாவது, குறைந்தது 12 வாரம். புண் இருந்ததால் அப்பாவுக்கு அந்த அவகாசம் இல்லை.

கவட்டியில் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துளை வழியே கம்பியை நுழைத்து, பலூனால் அடைப்பை விரித்து, குழாயைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்தார்கள். முழு மயக்கம் இல்லை, அப்பா பேசிக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் தொட்டுப் பார்த்தேன், பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. புண் ஆறத்தான் மாதக்கணக்கானது. பீடியை விட்டுவிட்டார். ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் என்று மாத்திரைகள் தொடர்கின்றன.

ஸ்டென்ட் மறுபடி அடைக்கக்கூடும் என்பதால் அவ்வப்போது டாப்ளர் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். பாதம் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு வலித்தால் விடியட்டும் என்று இருக்கவே கூடாது, ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கும் என்று டிஸ்சார்ஜ் அன்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்கள்.