சம்பா, கவுனி, பூங்கார்: அடுப்படிக் குறிப்புகள்

தை

எங்கள் வீட்டில் பொன்னி அரிசிதான் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒரேயடியாக நிறுத்தும் எண்ணம் இல்லை. நாலு பாரம்பரிய ரகங்களைக் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, எது எந்த வேலைக்கு ஒத்துவரும் என்று பார்ப்பதுதான் திட்டம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி, பூங்கார், தூயமல்லி. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு விவசாயியிடம் நேரடியாக வாங்கினேன். நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட ரகங்களைத் தேடி மீட்டது அந்த வட்டாரத்தில்தான். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை கொடுத்து, மறு வருஷம் நாலு கிலோவாகத் திரும்ப வாங்குவார். 2018இல் அவர் காலமான பிறகும் அந்த விதைகள் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன.

விலை பொன்னியைவிட நன்றாகவே கூட. கவுனி இன்னும் கூட.

மாசி

முதலில் மாப்பிள்ளைச் சம்பா. உமியை மட்டும் நீக்கி, தவிட்டை விட்டுவைத்த அரிசி. ராத்திரியே ஊறப்போட்டாக வேண்டும். தவிட்டுத் தோல் தண்ணீரை லேசில் உள்ளே விடாது. ஊறிய பிறகும் ஒரு பங்குக்கு மூன்றரைப் பங்கு தண்ணீர் கேட்கிறது. குக்கரில் ஐந்து விசில், பிறகு சிறுதீயில் கால் மணி நேரம். வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை இரண்டு விரலால் நசுக்குகிறேன். சிவப்புத் தோல் வெடித்து உள்ளே வெள்ளை மாவாக மசிந்தால் சரி. நடுவில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி தெரிந்தால் இன்னும் ஒரு விசில்.

ரசத்துக்கு இது ஆகாது. ரசம் தனியாக, சோறு தனியாக நிற்கிறது. காரக்குழம்பு, மோர்க்குழம்பு போன்ற கெட்டியான குழம்புகளுக்குப் பரவாயில்லை. நிஜமாக ஜெயித்தது மறுநாள் காலையில்தான். தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு குழையாமல் பருக்கை பருக்கையாக இருந்தது. மோர், உப்பு, சின்ன வெங்காயம். பொன்னியில் இந்தப் பதம் வராது. இப்போது பழைய சோற்றுக்காகவே முதல் நாள் கூட ஒரு கை அரிசி போடுகிறோம்.

பங்குனி

கருப்பு கவுனி. நாலில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், மிகவும் படுத்தியதும் இதுதான்.

கழுவும்போதே தண்ணீர் நாவல்பழச் சாறு நிறத்துக்கு வந்துவிடுகிறது. அந்தோசயனின் என்ற நிறமி. தண்ணீரில் கரையக்கூடியது, இருப்பதோ தவிட்டுத் தோலில். அதனால் தேய்த்துத் தேய்த்துக் கழுவக் கூடாது. இரண்டு முறை மேலாக அலசிவிட்டு ஊறவைத்து, ஊறிய அதே தண்ணீரில் வேகவைக்கிறேன். ஊறிய தண்ணீரில் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்து எலுமிச்சை பிழிந்தேன். விழுந்த இடத்திலிருந்தே ஊதா கலைந்து ரோஜாச் சிவப்பாகிக்கொண்டே போனது. புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறும் சாயம் அது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைச் செய்து காட்டாமல் விடாதீர்கள்.

வெந்தால் ஒட்டும். அதனால் குழம்பு ஊற்றிச் சாப்பிடும் அரிசியே இல்லை. செட்டிநாட்டில் இதைச் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்து இனிப்பாகத்தான் வைப்பார்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பர்மாவுக்கு வியாபாரத்துக்குப் போன நகரத்தார் கொண்டுவந்த அரிசி இது என்பார்கள். அப்படியானால் நம் பாரம்பரியத்தில் கொஞ்சம் கப்பலேறி வந்தது. இருக்கட்டுமே.

நான் ஊறிய அரிசியை மிக்ஸியில் இரண்டே சுற்று சுற்றி ரவையாக உடைத்துக் கஞ்சி வைத்துப் பார்த்தேன். வேகும் நேரம் பாதியாகக் குறைந்தது. தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை. இதுதான் இப்போது நிலைத்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. கஞ்சியாகவே நன்றாக இருக்கிறது, எனக்கு அது போதும்.

சித்திரை

வெயில். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் காறல் வாடை பிடிக்கும். பச்சரிசி இன்னும் சீக்கிரம். புழுங்கல் கொஞ்சம் தாங்கும், ஏனென்றால் அந்த எண்ணெயைக் கெடுக்கும் நொதி நெல்லை அவிக்கும் சூட்டிலேயே செயலிழந்துவிடும். மூட்டையாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இங்கே செல்லாது. ஒரு மாதத்துக்கு ஆவது மட்டும்.

வைகாசி

இட்லி. பூங்கார் இரண்டு, இட்லி அரிசி இரண்டு, உளுந்து ஒன்று, கொஞ்சம் வெந்தயம். பூங்காரைத் தனியாக எட்டு மணி நேரம் ஊறவைத்து, கிரைண்டரில் முதலில் அதை ஓடவிட்டு, பாதி அரைந்த பிறகு இட்லி அரிசியைச் சேர்க்க வேண்டும். சேர்த்தே போட்டால் தோல் திப்பியாக நிற்கும். மாவு வழக்கத்தைவிடச் சீக்கிரம் பொங்கியது. இட்லி லேசான செங்கல் நிறம், மெத்தென்று இருந்தது. முழுக்கப் பூங்காரிலேயே ஊற்றியது கல். தோசைக்கு மட்டும் முழுப் பூங்கார் அருமை, ஓரம் நன்றாக முறுகுகிறது.

ஆனி

அரிசி கொடுத்தவரின் வயலுக்கே போய் வந்தேன். குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்.

“இதுக்கு யூரியாவே போட மாட்டீங்களாண்ணே?”

“போட்டா என்னாகும் தெரியுமா தம்பி? இடுப்புக்கு மேல வளந்து, கதிர் கனத்ததும் அப்புடியே படுத்துக்கும். அப்பறம் மெஷினு உள்ள எறங்காது. மூட்டை கொறச்சலுதான். ஆனா வைக்கோலப் பாருங்க, எங்க மாட்டுக்கு வெளியில வாங்குறதே இல்ல.”

1966இல் ஐஆர் 8 என்ற குட்டை நெல் ரகம் வந்ததே இந்தச் சிக்கலுக்குத்தான். பயிரைக் குட்டையாக்கினால் நிறைய உரம் போட்டாலும் நிமிர்ந்து நிற்கும். நம் நெட்டை ரகங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லாததால் யூரியா தரும் தழைச்சத்து விஷயத்தில் அவை தாமே கட்டுக்குள் இருக்கின்றன. ஆனால் பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் அடிக்க நெட்டைப் பயிர் தடையில்லை. பாக்கெட்டில் “பாரம்பரிய அரிசி” என்று இருந்தால் ரகத்தைத்தான் சொல்கிறது, விளைவித்த விதத்தை அல்ல. அதற்கு, இயற்கை விளைச்சல் என்று உறுதிசெய்யும் என்பிஓபி (மத்திய அரசுத் திட்டம்) அல்லது பிஜிஎஸ் (விவசாயிகள் குழுவாக ஒருவரையொருவர் சரிபார்ப்பது) சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெல் போன்ற பயிர்களுக்கு என்பிஓபியில் முழுச் சான்று கிடைக்குமுன் இயற்கை முறைக்கு மாறும் காலம் என்று இரண்டு வருஷம் உண்டு. இல்லாவிட்டால் இப்படி வயலுக்கே போய்க் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கடைகளில் பார்த்தேன். நன்றாகத் தீட்டி வெளுத்த மாப்பிள்ளைச் சம்பா. ரகத்துக்கான விலையைக் கொடுத்துவிட்டு, தவிட்டை மில்லிலேயே விட்டுவிட்டு வருவானேன்? அதற்குத் தவிடு நீக்காத பொன்னியே மேல்.

இப்போதைய கணக்கு: மதியச் சோற்றுக்கு வாரத்தில் பாதி நாள் தூயமல்லி. தோலில் சிவப்பில்லை, ரசத்தையும் ஏற்றுக்கொள்கிறது, வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. மீதி நாள் பொன்னி. பூங்கார் தீர்ந்துவிட்டது. குறுவை அறுத்த பிறகுதான் அடுத்தது என்கிறார் அண்ணன். அதுவரை மாப்பிள்ளைச் சம்பாவில் இட்லி ஊற்றிப் பார்க்க வேண்டும், உளுந்தைக் கொஞ்சம் கூட்டி.