பத்தொன்பது படிகளும் ஒரு நூலும்

புதுக்கோட்டையில் அப்பா கட்டிய வீட்டுக்கு மாடி எடுத்தபோது, உள்ளே மரப்படிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் நான். அடுக்களைக்குத் தேக்குக் கதவு போட்ட அலமாரிகள் வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. மூன்று மாதத்தில் முடியும் என்று நினைத்துத் தை மாதம் தொடங்கினோம். கார்த்திகை மழை பெய்யும்போதுதான் மூச்சு விட முடிந்தது. இடையில் ஒருமுறை செய்த வேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினோம்.

முதலில் வேலையை ஒரு மரவேலைக் கடையில் ஒப்படைத்திருந்தோம். மாசியிலேயே வந்து நாடா பிடித்து அளந்தார்கள். கீழே அப்போது வெறும் கான்கிரீட். உயரத்தைப் பதினெட்டாக வகுத்து, படிக்கு ஏழு அங்குலத்துக்குச் சற்று மேல் என்று வைத்து, பக்கச் சட்டங்களை வெட்டிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். பங்குனியில் கீழ்த்தரைக்கு ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் சிமெண்ட் ஓடு) பதித்தோம். கல்லும் கலவையுமாகத் தரை 2 அங்குலம் ஏறியது. மாடியில் ஒட்டிய டைல்ஸ் அரை அங்குலம்தான். ஆக, கீழ்ப்படி ஐந்து அங்குலமாகக் குறுகியது, கடைசிப் படி ஏழரைக்கு மேல் போனது.

கண் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. கால் கண்டுபிடித்துவிடும். ஒரு படியில் கிடைத்த உயரத்தையே அடுத்த படியிலும் எதிர்பார்த்துத்தான் கால் தூக்குகிறோம். இரண்டாம் நாளே அம்மா உச்சிப்படியில் தடுக்கி முழங்காலில் விழுந்தார். பெரிய அடி இல்லை. ஆனாலும் அன்று மாலையே படியைக் கழற்றச் சொன்னேன். கல் ஒட்டி முடிக்காமல் படிக்கு அளவெடுக்கக் கூடாது என்பதை யாராவது எனக்கு ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

சித்திரை வெயிலில் அலமாரிக் கதவுகளும் கைவிட்டன. ஐந்து கதவுகளில் நடுப்பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்து நின்றது. மரம் பச்சையோ என்று நினைத்தேன். காரணம் அதுவல்ல என்று விளக்கியவர், பிறகு எங்கள் வேலை முழுவதையும் செய்து கொடுத்த ஆசாரி. அறுபதைத் தாண்டியவர். பிளந்த கதவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, பலகையை நான்கு பக்கமும் பசை போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அது எங்கே போகும்?" என்று கேட்டார்.

மரம் நீளவாட்டில் அசைவதே இல்லை என்று சொல்லலாம். அகலவாட்டில்தான் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். பதினைந்து அங்குல அகலமுள்ள தேக்குப் பலகை கோடைக்கும் மழைக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு நூல் போய்வரும். (தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல்.) அதனால் சுற்றுச்சட்டத்தில் நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, பலகையைப் பசையில்லாமல் அதற்குள் நிறுத்தி, இருபக்கமும் கொஞ்சம் இடம் விட வேண்டும். பசை சட்டத்தின் மூலைகளுக்கு மட்டும். அவர் செய்த கதவைத் தட்டினால் உள்ளே பலகை லேசாக அசையும். முதலில் எனக்கு அது குறையாகப் பட்டது. இப்போது அந்த அசைவு கேட்காத கதவைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

மரம் வாங்கக் காரைக்குடிக்குப் போனோம். இடித்த பழைய வீடுகளின் உத்திரமும் தூணும் அங்கே விலைக்குக் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த பர்மா தேக்கு. அத்தனை ஆண்டுகள் கூரையைத் தாங்கிக் காய்ந்த மரம் இனிப் பெரிதாக முறுக்காது என்றார் ஆசாரி. கன அடிக் கணக்கில்தான் விலை: அடியில் நீளம், அங்குலத்தில் அகலம், கனம், மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். எங்கள் படிக்குச் சுத்தமாகத் தேவைப்பட்டது சுமார் 13 கன அடி. ஆசாரி 18 வாங்கச் சொன்னார். ஆணித் துளை, பழைய மூட்டுகளுக்காக வெட்டிய கழுந்து, ஓரத்தில் வெளிறிய மென்மரமான வெள்ளை எல்லாம் கழிந்துதானே கைக்கு வரும்? நடுவில் இருக்கும் கெட்டியான வைரப் பகுதியைப் பூச்சி சீக்கிரம் தொடாது, வெள்ளையை விடாது.

சாமில்லில் பழைய மரம் என்றதும் முகம் சுளித்தார்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஓர் ஆணி போதும், வாள் பாழ். ஒரு பகல் முழுக்க நானும் ஆசாரியின் மகனும் காந்தத்தை உத்திரத்தின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தி, அது இழுத்த இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, உளியால் தோண்டி ஆணி எடுத்தோம். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான். அறுத்த பலகைகளைக் காற்றுப் போக நடுவில் ரீப்பர் குச்சிகள் கொடுத்து அடுக்கி, ஆடி முழுவதும் நிழலில் வைத்தோம். ஆடிக்காற்று வீணாகவில்லை.

படிக்கணக்கு மறுபடி வந்தது. கல்லுக்கு மேலிருந்து டைல்ஸுக்கு மேல்வரை 126 அங்குலம். பதினெட்டாகப் பிரித்தால் துல்லியமாக ஏழு. அம்மா மறுத்துவிட்டார். லாபம், நஷ்டம் என்று எண்ணி ஏறினால் மாடித் தரையில் வைக்கும் கால் லாபத்தில் முடிய வேண்டும், பதினெட்டு நஷ்டம். பதினேழாக வைத்தால் படி ஏழு அங்குலம் மூன்று நூலைத் தாண்டும். மில்லிமீட்டரில் 188. வீட்டுப் படியின் உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது தேசியக் கட்டட விதி, ஆகவே விதிக்குள் அடங்கும்தான். அம்மாவின் மூட்டுவலிக்கு அது அடங்காது. ஆசாரி சுவரில் பென்சிலால் வகுத்துப் பார்த்துப் பத்தொன்பது என்றார். படிக்கு 6 அங்குலம் 5 நூல். பத்தொன்பதையும் கூட்டினால் மிச்சம் ஒரே ஒரு நூல். அதைக் கீழ்ப்படியில் சேர்த்தார். மிதிபலகைக்குப் பத்தரை அங்குலம் கிடைத்தது. இரண்டு உயரமும் ஒரு மிதியும் சேர்ந்து இருபத்துநான்கு அங்குலத்தை ஒட்டி வந்தால் நடை இயல்பாக இருக்கும் என்பது அவர் கணக்கு. எங்களுக்கு இருபத்துமூன்றே முக்கால். ஹாலில் இடம் இருந்ததால் இது சாத்தியமானது. இடம் குறைவான வீட்டில் இந்தச் சலுகை கிடைக்காது, நடுவில் திருப்பம் வைத்தாக வேண்டும்.

மிதிபலகைகளை ஆணியில் நிறுத்தவில்லை. பக்கச் சட்டத்தில் அரை அங்குலக் காடி எடுத்து, பலகையைச் செருகி, அடியிலிருந்து பசை தடவிய ஆப்பு அடித்து இறுக்கினார். ஆணி தளர்ந்தால் படி கிரீச்சிடும். கைப்பிடிக் கம்புகளுக்கு நடுவே நான்கு அங்குலத்துக்கும் குறைவாக இடைவெளி விட்டார், தங்கை மகளின் தலை நுழையக்கூடாது என்று.

அடுக்களை விரைவாக முடிந்தது. பெட்டிகளுக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 18 மி.மீ. பிளைவுட், கதவுக்கு மட்டும் தேக்கு. அந்த முத்திரைக்கான சோதனையில் பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பசை விடுகிறதா என்று பார்ப்பார்கள். ஆனாலும் வெட்டிய விளிம்பைப் பூசி அடைக்காவிட்டால் தொட்டியடியில் நீர் குடிக்கும். மேடை உயரத்தை அம்மாவின் முழங்கையிலிருந்து நான்கு அங்குலம் கீழே பிடித்தோம். 33 அங்குலம் வந்தது. கரையானுக்குப் பயந்து பெட்டிகளைத் தரையில் உட்கார வைக்காமல் நான்கு அங்குலக் கால்களில் நிறுத்தினோம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் பழைய சுவர் அரை அங்குலம் வெளியே சாய்ந்திருந்தது. ஆசாரி இடுக்கைப் பட்டையால் மறைக்காமல், கவராயத்தைச் சுவரோடு ஒட்டி ஓட்டி அந்த வளைவைப் பக்கப் பலகையில் வரைந்து, அதன்படியே இழைத்துச் சேர்த்தார். இன்றும் அங்கே ஒரு தாள் நுழையாது.

ஐப்பசியில் படியை நிறுத்தினோம். கார்த்திகை அடைமழையில் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தேன். தொட்டிக்குப் பக்கத்து இழுப்பறை ஒன்று மட்டும் பிடித்தது. ஆசாரி வந்து இழைப்புளியை இரண்டு முறை ஓட்டினார், சரியாகிவிட்டது. அம்மா தினமும் காலையில் மாடிக்கு ஏறித் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

கைப்பிடிக்கு மட்டும் இன்னும் பாலிஷ் ஏறவில்லை. ஈரக்காற்றில் அரக்கு பாலிஷ் போட்டால் வெள்ளையாகப் பூத்துவிடுமாம். விருந்தினர் வருவதற்குள் முடித்துவிடலாமே என்று கேட்டேன். "தை பிறக்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டு, உப்புத்தாளை மட்டும் எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.