பாத்துப் போடுங்க

"சரி தம்பி, பாத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். 2021 மார்ச் கடைசி வாரம், இரவு பத்தரை இருக்கும். அந்த 'சரி' எதற்கான சரி என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சட்டமன்றத் தேர்தல் சமயத்தில் செய்தித்தாளில் வரும் வேட்பாளர் பெட்டி எப்படித் தயாராகும் என்பது செய்தி டெஸ்க்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். தொகுதிக்கு ஐந்து பேர், பத்துக் கேள்வி, ஆளுக்கு ஒரு பத்தி. குடிநீர், மதுக்கடை, பேருந்து நிலையம் என்று வழக்கமானவை போக, அந்த முறை கொரோனா பற்றியும் ஒன்று வேண்டும் என்றார்கள். ஏழாவதாக நான்தான் சேர்த்தேன்: தடுப்பூசியைக் கட்டாயமாக்க வேண்டுமா? ஆம் அல்லது இல்லை.

அப்போது அந்தக் கேள்விக்கு வேலையே கிடையாது. 60 தாண்டியவர்களுக்கும், 45க்கு மேல் இணைநோய் உள்ளவர்களுக்கும் மட்டும் ஊசி போட்டுக்கொண்டிருந்த மாதம் அது. ஏப்ரல் 1 முதல்தான் 45 வயதான எல்லோருக்கும். மத்திய அரசே, விருப்பப்பட்டவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. இலவசம் என்ற பேச்சு மட்டும் 2020 அக்டோபரிலேயே வந்துவிட்டது. பீகார் தேர்தல் அறிக்கையில் பாஜக அதைச் சொன்ன அன்றைக்கே இங்கே முதலமைச்சர் பழனிசாமியும் சொன்னார். இலவசம் என்றால் எல்லோரும் ஒரே கட்சி. கட்டாயம் என்று கேட்டால் என்ன சொல்வார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. கேள்வி கேட்கிறவனுக்கு வரும் ஒரு அற்ப ஆசை.

ஐந்து பேரில் இருவர், தலைமை சொல்வதுதான் என் நிலைப்பாடு என்று உதவியாளர் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் பிரசார வேனில் இருந்தபடி, "இலவசமாத்தானே? ஆமா, ஆமா" என்றார். அது 'ஆம்' ஆயிற்று. இன்னொருவர் கடைசிவரை போனையே எடுக்கவில்லை. ஐந்தாமவர்தான் இவர்.

இவர் மட்டும் யோசித்தார். எனக்கு நினைவிருக்கிறபடி சொல்கிறேன்.

"கட்டாயம்னு சொன்னா ஓடிருவாங்க தம்பி. எங்கம்மா சின்னப் பிள்ளையா இருந்தப்ப அம்மை குத்த ஆள் வந்தா நெல்லுக் குதிருக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவாங்களாம். புடிச்சு இழுத்து வந்து குத்தியிருக்காங்க. இன்னிக்கும் கையில தழும்பைக் காட்டி அதைத்தான் சொல்லும். நோயைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது. நான் முதல் ஆளா நின்னு போட்டுக்கிறேன், என்னைப் பாத்து நாலு பேர் வரட்டும். கூப்பிட்டுப் போடணும், இழுத்துப் போடக் கூடாது."

"அப்ப 'இல்லை'ன்னு போட்டுக்கவாண்ணே?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் யாரோ பூத் கமிட்டி பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது கேட்டது.

"எதுக்கு இல்லைன்னு போடுவீங்க?"

"கட்டாயத்துக்கு."

"சரி தம்பி, பாத்துப் போடுங்க."

நான் கேட்டேன், அவர் ஒப்புக்கொண்டார். இதில் என் தவறு என்ன? எத்தனையோ முறை எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெட்டியில் கதைக்கு இடமில்லை. அவர் சொன்னதை மொத்தமாகச் சுருக்கினால் கட்டாயத்துக்கு 'இல்லை' என்றுதான் வரும். தவறாக எதுவும் எழுதிவிடவில்லை.

ஆனால் மறுநாள் பக்கத்தில் வந்தது 'தடுப்பூசி: எதிர்ப்பு'.

பக்கம் வடிவமைத்தவர் இடம் பற்றாமல் சுருக்கிவிட்டார் என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன், இந்த வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. சுருக்கியது நான். 'கட்டாயத் தடுப்பூசி' இரண்டு வரியாக மடிந்தது. மற்றதெல்லாம் ஒற்றை வரி: மதுக்கடை: எதிர்ப்பு. சுங்கச்சாவடி: எதிர்ப்பு. இந்த ஒரு கட்டம் மட்டும் வீங்கிக்கொண்டு பக்கத்தைக் கெடுத்தது. வடிவமைப்பவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் 'கட்டாய'வை எடுக்கச் சொன்னேன், 'இல்லை'யை மற்ற வரிகளைப் போல 'எதிர்ப்பு' என்று மாற்றச் சொன்னேன். மணி பதினொன்றே கால், பதினொன்றரைக்குப் பக்கம் போக வேண்டும். கேள்வி என்ன என்பது பெட்டியின் தலைப்பில் சின்ன எழுத்தில் இருக்கிறதே, படிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். பத்து வருடமாக டெஸ்க்கில் இருப்பவனுக்கு, தலைப்பில் சின்ன எழுத்தில் இருப்பதை யாரும் படிக்கமாட்டார்கள் என்பது தெரியாதா?

வாக்குப்பதிவு ஏப்ரல் 6 அன்று முடிந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை. அதோடு போயிருக்கும்.

ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேசினார். மறுநாள் நெஞ்சுவலியில் விழுந்தார், 17 அதிகாலை போய்விட்டார். மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பின்னான பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அந்த அக்டோபரில் அதையேதான் சொன்னது. அக்டோபர் வரை யார் காத்திருந்தார்கள்? அந்த வாரம் வாட்ஸ்அப்பில் வராத வதந்தி இல்லை. அதற்கு நடுவே எங்கள் பெட்டியும் வந்தது. முழுப் பெட்டி இல்லை. அவருடைய படமும் ஏழாவது வரியும் மட்டும் இருக்கும்படி கத்தரித்தது. மேலே ஒரு வரி: 'அண்ணன் அன்றே சொன்னார்'.

இரண்டு நாள் கழித்து ஒரு கிராம சுகாதார செவிலியர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். எண் எங்கே பிடித்தாரோ. அவர் கோபப்படவேயில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "சார், இது உங்க பேப்பர்ல வந்ததுதானா? இல்லை யாராச்சும் ஒட்டி வெட்டிப் பண்ணதா?" என்று கேட்டார். வந்ததுதான் என்றேன். "சரிங்க சார். பொய்யின்னு சொல்லிப் பேசலாம்னு நினைச்சேன். பிள்ளைங்களுக்கு அம்மை ஊசி போட்டப்பவும் இப்படித்தான் வாட்ஸ்அப்ல வந்துச்சு, அப்ப எல்லாம் பொய்யி, அதனால பேச முடிஞ்சுது" என்றார். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்ட சமயத்தைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அப்போது நாங்கள் 'வதந்திகளை நம்பாதீர்கள்' என்று பக்கம் பக்கமாகப் போட்டோம்.

முகாமுக்கு வந்த கூட்டத்தில் பாதி திரும்பிப் போய்விட்டது என்றார். விவேக் செய்தியால் எப்படியும் போயிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒரு தொகுதிப் பக்கத்தில் வந்த ஒற்றை வரி அவ்வளவு செய்துவிட முடியாது. ஆனால் அந்தச் செவிலியர் சொன்ன கணக்கு வேறு. பயந்தவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும், அச்சில் வந்த காரணம் என்றால் இன்னும் நல்லது. அதை நாங்கள் கொடுத்திருந்தோம்.

திருத்தம் போடலாமா என்று மேலே கேட்டேன். "தேர்தலே முடிஞ்சுபோச்சு, ஓட்டு எண்ணிக்கைக்குப் பக்கம் ரெடி பண்ணு" என்றார்கள். கேட்டேன் என்று எழுதிவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். டீ குடிக்கப் போகிற வழியில், நின்றுகொண்டே, வேண்டாம் என்று சொல்வதற்கு வசதியாகக் கேட்டேன்.

அந்த வேட்பாளருக்கும் போன் செய்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நான் ஊசி போட்டுக்கிட்ட போட்டோ இருக்கு தம்பி, அனுப்புறேன், அதைப் போட்டுருங்க. எல்லாம் சரியாயிரும்" என்றார். அனுப்பினார். இடது கை சட்டையைத் தோள்வரை சுருட்டி, கரை போட்ட துண்டை மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சை அழுத்தியபடி, கேமராவைப் பார்க்காமல் ஊசி போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் நன்றாகவே இருந்தது. போடவில்லை. முடிவு வராத நேரத்தில் ஒரு வேட்பாளர் படத்தை மட்டும் எப்படிப் போடுவது என்றார்கள். மே 2 முடிவு வந்த பிறகு, தோற்றவர் படம் எதற்கு என்றார்கள். இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது.

கேள்வி மட்டும் என்னைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அந்த நவம்பரில் மாநில அரசு, 1939ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, பொது இடத்துக்கு வருகிறவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும் என்றது. மதுரையில் டிசம்பரில் ஊசி போட்டுக்கொள்ள ஒரு வாரம் கெடு வைத்தார்கள். எங்கள் பெட்டியில் இருந்த ஐந்து பேரில் ஒருவர்கூட இப்படி ஒன்று வரும் என்று சொல்லி ஓட்டுக் கேட்கவில்லை. அந்தச் சட்டத்தில் அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கும் பிரிவு அப்போதே இருந்தது என்பதை நான் அந்த டிசம்பரில்தான் படித்தேன். குதிருக்குள் ஒளிந்த சிறுமியைத் தேடி வந்த கைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்திருக்கிறது. கேள்வியைத் தயாரித்தவனுக்கு அது தெரியாது, பதில் சொன்னவருக்கு ஒரு தழும்பாகவாவது தெரிந்திருந்தது.

பிறகு 2022 மே 2. தேர்தல் முடிவு வந்து சரியாக ஒரு வருடம். யாரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போட முடியாது, அது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உடல் மீதான உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, அரசின் தடுப்பூசிக் கொள்கை தன்னிச்சையானது இல்லை என்றும், பொது நலனுக்காக அளவான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும், ஆனால் தொற்று குறைவாக இருக்கும் அன்றைய நிலையில் போடாதவர்களை மட்டும் தடுப்பது பொருத்தமில்லை என்றும் சொன்னது. அந்த வழக்கில் தமிழ்நாடு தன் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்காமல் வாதாடியது. நூறு பக்கத்துக்கு மேல் போகும் தீர்ப்பு. அன்று இரவுப் பணியில் இருந்தது நான். 'தடுப்பூசி கட்டாயமில்லை' என்று முதல் தலைப்பு வந்திருந்தது. துணைத் தலைப்பு வேண்டும், அரசுக் கொள்கை சரிதான் என்ற பகுதி அதில் வர வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன். பக்கத்தில் இருந்தவர், "உனக்கென்ன இதுல இவ்வளவு அக்கறை?" என்றார். இந்த அக்கறை பதின்மூன்று மாதம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

அப்புறம், அவர் சொன்னதும் நீதிமன்றம் சொன்னதும் ஒன்றேதான் என்று கொஞ்ச நாள் பூரித்துக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. அவர் உரிமையைப் பற்றி எதுவும் பேசவில்லை. கட்டாயப்படுத்தினால் ஓடுவார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். வீடு வீடாகப் போய்ப் போடலாம் என்று யாராவது சொல்லி, அதில் எல்லோரும் போட்டுக்கொள்வார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால், கட்டாயத்துக்கும் ஒத்துக்கொண்டிருப்பாரோ என்னவோ. நான் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நானாகப் பேச்சை எடுத்தேன். அவருக்கு நினைவுக்கு வரவே கொஞ்ச நேரமானது. "அட, விடுங்க தம்பி. நான்தான் சரின்னு சொன்னேன்ல" என்றார், பாயசத்தைக் கைகாட்டி வேண்டாம் என்றபடி. அவர் மன்னித்தாரா, குத்திக்காட்டினாரா, ஒன்றும் தெரியவில்லை. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். எந்தம்மா என்பதுபோல் ஒருமுறை பார்த்துவிட்டு, நல்லா இருக்காங்க என்றார்.

அந்தப் பார்வை என்னைச் சும்மா விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் 2021 குறிப்பேட்டைத் தேடினேன். பரணில் கிடந்தது. குதிர்க் கதையை அவர் அன்றிரவு சொன்னாரா, அல்லது ஏப்ரலில் நான் கூப்பிட்டபோது சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏப்ரலில் சொன்னதை நானே மார்ச்சுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேனோ? அப்படியானால் அன்று எனக்குக் கிடைத்தது ஒரு 'இல்லை' மட்டும்தான், அதைப் போட்டதில் பெரிய குற்றமில்லை, 'கட்டாய'வை எடுத்தது ஒன்றுதான் என் கணக்கில் நிற்கும்.

அவர் பெயருக்குக் கீழே பத்து வரி. ஏழாவது வரியில் 'இல்லை' என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறேன். பக்கத்தில் அவசரக் கிறுக்கலில் ஒரு சொல். 'அம்மா' என்று படிக்கலாம். அப்படியென்றால் அவருடைய தாயாராக இருக்கலாம். 2020 டிசம்பரில் தொடங்கிய அம்மா மினி கிளினிக் ஊர் ஊராக அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது, ஊசியை அங்கே வைத்துப் போடலாம் என்று ஏதாவது சொல்லியிருக்கவும் கூடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தால், கடைசி எழுத்து 'மா' இல்லை, 'மை' மாதிரியும் இருக்கிறது.