61 ஓட்டு

மார்ச் 31, 2024 – மண்டபம்

காலையிலிருந்து டிவியில் கச்சத்தீவுதான். தீவை இலங்கைக்குக் கொடுத்த 1974 ஒப்பந்தத்தைப் பற்றி பிரதமரே பதிவு போட்டிருக்கிறார். கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த விசைப்படகு முதலாளி, "எலக்‌ஷன் வந்தா தீவும் கூடவே வந்துரும்" என்று சொல்லிவிட்டு நகலை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

விவாதத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் வாய்க்கு வாய் "மீனவர் ஓட்டு" என்றார்கள். யார் அந்த மீனவர்? இழுவை மடி போடும் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இங்கே பல வருஷத்துப் பஞ்சாயத்து இருக்கிறது. வலை அறுபட்டால் கரையில் சண்டை. முதலாளிக்கு படகு பிடிபடுமே என்ற கவலை, கூலிக்குப் போகிறவனுக்கு இலங்கைச் சிறையில் தானே உட்கார வேண்டும் என்ற கவலை. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை.

ஏப்ரல் 12

நேற்று பெருநாள். கீழக்கரையில் நண்பன் வீட்டில் விருந்து. தெருவெல்லாம் சபுராளிகள், வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்கள். நண்பனின் அண்ணன் துபாயிலிருந்து வந்திருக்கிறார், 16ஆம் தேதி திரும்ப டிக்கெட். ஓட்டு 19இல். 2011இலிருந்து வெளிநாட்டில் இருக்கும் இந்தியரும் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். "மூணு நாள் தள்ளிப் போனா கம்பெனிக்காரன் சம்பளத்துல பிடிப்பான், நீ குடுப்பியா?" என்று என்னையே கேட்டார்.

எனக்குப் பிடித்தது அவர்கள் உம்மா சொன்ன கணக்கு. 2014இல் எங்கள் ராமநாதபுரம் தொகுதியில் அவர் போட்டது இரட்டை இலைக்கு. அந்தத் தடவை அ.தி.மு.க.வின் அன்வர் ராஜா ஜெயித்தார், தி.மு.க. நிறுத்தியதும் முஸ்லிம் வேட்பாளரைத்தான். "நான் போட்டது அந்த அம்மாவுக்கு. அவங்க போன பிறகு இலை தாமரையோட சேர்ந்துச்சு, நான் ஏணிக்குப் போயிட்டேன்." ஏணி, தி.மு.க. கூட்டணியில் இருக்கும் முஸ்லிம் லீக்கின் சின்னம். வாப்பா அன்றும் இன்றும் தி.மு.க. கூட்டணி. ஆக 2014இல் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள் ஆளுக்கொரு பக்கம். 2019இல் ஒரே பக்கம். வெளியிலிருந்து பார்ப்பவர் இரண்டையும் "முஸ்லிம் ஓட்டு" என்றுதான் எழுதுவார்.

ஏப்ரல் 19

போட்டாயிற்று. மீன்பிடித் தடைக்காலம் 15இல் தொடங்கிவிட்டதால் விசைப்படகெல்லாம் கரையில். 2014, 2019 ஓட்டும் தடைக்காலத்தில்தான் வந்தது. இல்லையென்றால் கடலுக்குப் போன ஆட்கள் பாதிப்பேர் வரிசைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

காலை எட்டு மணிக்கே பெண்கள் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை என்பதால் கீழக்கரையில் ஜும்மாவுக்கு முன்னும் பின்னும் கூட்டம் என்று நண்பன் போனில் சொன்னான். எனக்கு முன்னால் பக்கத்துத் தெரு சின்னம்மா. பாசிக்குப் போகிறவர். பாறையில் பாசியைப் பிய்த்துப் பிய்த்து அவர் ஆள்காட்டி விரலின் நகம் பாதிதான் மிச்சம், சுற்றிலும் பழைய கீறல்கள். மை வைக்கிற பெண் ஒரு நொடி தயங்கிவிட்டு, நகமும் தோலும் சேருகிற இடத்தில் கோடு இழுத்தார். சின்னம்மா முகத்தைச் சுளித்தார், எரிந்திருக்கும்.

உள்ளே இரண்டு இயந்திரம். முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பா.ஜ.க. கூட்டணி ஆதரவோடு சுயேச்சையாகப் பலாப்பழத்தில் நிற்கிறார், அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் நிற்கிறார்கள். இந்தக் கூத்துக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவரே திணற வேண்டும். வெளியே வந்து சின்னம்மாவிடம் எதற்குப் போட்டீர்கள் என்றேன். "உங்க சித்தப்பாகிட்டயே சொல்லல, உன்கிட்ட சொல்வேனா?"

ஜூன் 4

ஏணியில் நின்ற நவாஸ் கனி 5,09,664. பன்னீர்செல்வம் 3,42,882. வித்தியாசம் 1,66,782. இதையெல்லாம் எதிர்பார்த்ததுதான். ராத்திரி பழைய நோட்டைப் புரட்டியபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2019இல் இதே தொகுதியில் தாமரையில் நின்ற நயினார் நாகேந்திரன் வாங்கியது 3,42,821. ஐந்து வருஷம் கழித்து அந்தக் கூட்டணிக்கு 61 ஓட்டுதான் கூடுதல்! தடைக்காலமும் 61 நாள். சரி, அது சும்மா தற்செயல்.

எண்ணை மட்டும் பார்த்தால் ஒருத்தரும் அசையவில்லை என்று தோன்றும். ஆனால் 2019இல் அந்த மூன்றேகால் லட்சத்துச் சொச்சத்தில் இலைக்காரர்களும் இருந்தார்கள். இந்தத் தடவை இலை தனியாக நின்று 99,780 எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று தனியாக 1,41,806 வாங்கிய அ.ம.மு.க. இன்று பன்னீர்செல்வம் பக்கம். நாம் தமிழர் 46 ஆயிரம் சொச்சத்திலிருந்து 97,672க்கு வந்து இலையின் கழுத்தைப் பிடிக்கிறது. பெருங்கூட்டம் இடம் மாறியிருக்கிறது, கூட்டல் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஜூன் 9

டீக்கடையில் இப்போது எல்லாருமே ஆய்வாளர்கள். இந்தச் சாதி முழுக்க இங்கே, அந்தத் தெரு முழுக்க அங்கே. அப்படிச் சொல்ல யாரிடமும் ஆதாரம் கிடையாது. தேர்தல் ஆணையம் வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று படிவம் 20 கொடுக்கும். அதில் சாதி, மதம், வயசு ஒன்றும் இராது. ஒரு சாவடியில் நாலைந்து தெரு கலந்து கிடக்கும். லோக்நீதி போன்ற ஆய்வு அமைப்புக்காரர்கள் ஓட்டு முடிந்து வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். அது நாட்டுக்கும் மாநிலத்துக்கும் போக்குச் சொல்லும், நம் தெருவுக்குச் சொல்லாது. அதுவும் சின்னம்மா மாதிரி ஆள் வாயைத் திறந்தால்தான்.

டிசம்பர் 27

ஆணையத்தின் புள்ளிவிவரம் வந்துவிட்டது. நாடு முழுக்கப் பெண் வாக்காளர்களில் ஓட்டுப் போட்டவர்கள் 65.78 சதவீதம், ஆண்களில் 65.55. பெண்கள் முந்தியது 2019இல்தான் முதல் தடவை, அப்போது 67.18, ஆண்கள் 67.02. 1962இல் ஆண்கள் 63, பெண்கள் 47கூடத் தொடவில்லை. அறுபது வருஷத்தில் எப்பேர்ப்பட்ட நகர்வு!

ஆனாலும் எங்கள் கரையில் நின்று பார்த்தால் ஒரு சந்தேகம் வருகிறது. குவைத்திலும் சிங்கப்பூரிலும் கேரளத்திலும் இருக்கிற ஆண்களின் பெயர் பட்டியலில் அப்படியே கிடக்கிறது. அவர்கள் வராதது ஆண்கள் சதவீதத்தைத்தான் இழுக்கும். பெண்கள் அதிகம் வந்ததும் உண்மை, ஆண்கள் ஊரில் இல்லாததும் உண்மை. இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்த அட்டவணையால் முடியாது.

மதினியிடம் இதைச் சொன்னேன். அண்ணன் குவைத்துக்குப் போய் வருஷக்கணக்காகிறது, பெயர் இன்னும் இந்தத் தெருப் பட்டியலில்தான்.

"பேரை எடுத்தா ரேஷன்ல பிரச்சன வருமா தம்பி?"

அது வேறு, இது வேறு என்று விளக்கினேன்.

"அப்பன்னா கிடக்கட்டும். 29ல வந்து போடுவாரு."